மாமன் மடியும் மஜ்ஜை ஊசியும்

ஒரு பிள்ளையைப் பிழைக்கவைக்க இன்னொரு பிள்ளையின் இடுப்பில் ஊசி போடலாமா என்று கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவதும், 'போடலாம், பயமில்லை' என்று அவர்கள் நம்பிய நிமிஷமே 'ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு' என்று குழப்பிவிட்டு வருவதும்தான் என் தொழில்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டெம் செல் பிரிவில் ஆலோசகர் என்று என் கழுத்தில் தொங்கும் அட்டை சொல்கிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் என் எல்லை. விஷயம் சுருக்கமாக இதுதான். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது. ஒரு பிள்ளைக்கு அந்த உற்பத்தி நின்றுபோனால், கூடப்பிறந்த பிள்ளையின் மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்த்து, அதில் கொஞ்சம் எடுத்து ஏற்றுவார்கள். நோயாளியைக் கவனிக்க ஒரு பட்டாளமே உண்டு. கொடுக்கிற பிள்ளைக்கு நான் ஒருத்தி, அப்புறம் ஒரு குழந்தை டாக்டர். அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் வரக் கூடாது, யாரும் அதட்டிச் சம்மதிக்கவைக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது எங்கள் இருவர் வேலை.

இதற்குப் பதில் சொந்த மச்சானிடம் இன்சூரன்ஸ் பாலிசி விற்கப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் சூழ உட்கார்ந்து பழக்கப்பட்ட நீங்கள் எல்லோரும் என் கட்சிதான் என்ற தைரியத்தில் ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். மற்றக் குடும்பங்களும் ஏறக்குறைய இப்படித்தான், ஆட்டம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

வாயைத் திறந்துகொண்டு வந்தவர்கள்

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா ஏழுமலை, மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அம்மா செல்வி. பதிமூன்று வயது மகன் தமிழரசனுக்குத்தான் மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டது. ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் நீலத் திட்டு, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். அவனுக்கு ஒரே தங்கை, எட்டு வயது யாழினி. பொருத்தம் பார்க்கக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரும் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியின் கிளையாக இருக்கும் எங்கள் அறைக்கு வாருங்கள் என்றுதான் சொன்னேன். வந்தது ஒரு வேனும் ஒரு லோடு ஆட்டோவும். பங்காளிகள், சம்பந்தி முறையில் இரண்டு பேர், வேன் டிரைவர் உட்பட எல்லோரும் படியில் வரிசையாக நின்று வாயைத் திறந்து காட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் தனக்குத்தான் கூட்டம் வந்துவிட்டது என்று நினைத்து ஷட்டரை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

வரிசையின் தலைமாட்டில் செல்வியின் தம்பி குமரவேல். நெடுஞ்சாலை ஓரத்தில் பரோட்டா கடை வைத்திருப்பவர். புது வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டு, தன் எலும்பைக் கொடுத்துவிட்டுத்தான் மதியம் கடை திறப்பதாக ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தார். 'கூடப்பிறந்தவங்களோடதுதான் பொருந்த வாய்ப்பு அதிகங்க, மாமாவோடது இப்போதைக்கு வேணாம்' என்று நான் எவ்வளவு பதமாகச் சொன்னாலும் அவர் காதில் அது பந்தியிலிருந்து எழுப்பியது போலத்தான் விழுந்தது. என்னை விட்டுவிட்டு அங்கிருந்த சுவரிடம் முறையிட்டார்.

"காது குத்தும்போது ரெண்டு புள்ளைங்களும் என் மடியிலதான் உக்காந்துச்சிங்க. காதுக்கு மாமன் வேணும், எலும்புக்கு மாமன் வேணாமா? இன்னா நியாயம் இது?"

கழிவு

யாழினியின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தியது. நான் வீட்டுக்குப் போய் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள். இடுப்பின் பின்பக்க எலும்பில் ஊசி வழியாக எடுப்பார்கள். முதுகுத்தண்டு பக்கமே போக மாட்டார்கள். எலும்பை வெட்டுவதில்லை, தையல் இல்லை. சில நாள் வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் தானாக ஊறிவிடும். மயக்க மருந்தில் சின்ன ஆபத்து உண்டு, அறவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், அதற்காகத்தான் முன்னாலேயே எல்லாப் பரிசோதனையும். பிள்ளையின் எடையைப் பார்த்து, அதற்கு எவ்வளவு எடுத்தால் கெடுதல் இல்லையோ அதற்கு மேல் ஒரு சொட்டு எடுக்க மாட்டார்கள். இவ்வளவிலும் ஏழுமலையின் காதில் ஏறியது 'எடை' என்ற ஒரு சொல்தான். மண்டியில் மூட்டையை நிறுத்தால், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கணக்கு. அதற்குக் கழிவு என்று பெயர். வாழ்நாளெல்லாம் விவசாயிகளுக்குக் கழித்துக் கழித்துப் பழகிய மனிதர்.

சென்னையில் நர்ஸ் யாழினியைத் தராசில் நிறுத்தி எடையைச் சொன்னதும் ஏழுமலை முன்னால் வந்தார். கொலுசைக் கழற்றச் சொன்னார். தலையில் இருந்த கனகாம்பரத்தை எடுக்கச் சொன்னார். பாவாடைக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டார். எடை குறைந்தால் எடுப்பது குறையும், எடுப்பது குறைந்தால் மகளுக்கு நல்லது என்பது அவர் கணக்கு. நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் மகளின் வயிற்றைக் காட்டி முடிவாகச் சொன்னார்.

"காலைல சாப்ட இட்லி இன்னும் உள்ள கீது. அது புள்ள எடையில வரக் கூடாது. அத கழிச்சிட்டு மிச்சத்துக்கு எவ்ளோன்னு போடுங்கம்மா."

மீசை

குடும்பத்தில் சரியான கேள்வி கேட்டது செல்வி மட்டும்தான். அடுப்படி வாசலில் நின்றபடி, நாளைக்கு யாழினி பெரியவளாகிக் கல்யாணம் ஆனால் பிள்ளை பெறுவதில் இதனால் தொந்தரவு வருமா என்றாள். வராது, அந்த இடமே வேறு என்றேன். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அந்தச் சந்தோஷத்தில் வாய் நீளமாகி, இனிமேல் தமிழரசனின் ரத்தம் தங்கையின் ரத்தம் மாதிரியே இருக்கும், பரிசோதித்தால் அதில் பெண்பிள்ளை அணு என்றே காட்டும் என்றும் சொல்லிவைத்தேன். மருத்துவப்படி உண்மைதான். ஆனால் உண்மையை எந்த வீட்டில் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

ஏழுமலையின் அக்கா பச்சையம்மா அதுவரை கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தைக் கீழே வைத்தார். பையன் பையனாகவே இருப்பானா, குரல் உடையுமா, சைக்கிளில் எந்தப் பக்கம் கால் போட்டு ஏறுவான் என்று வரிசையாகக் கேள்வி. ரத்தம் மட்டும்தான் மாறும், ஆள் மாற மாட்டான் என்று நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார். தமிழரசன் கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். சிரித்ததில் ஈறில் ரத்தம் வந்து, செல்வி துணியோடு ஓடினாள். அதைப் பார்த்த பச்சையம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"உள்ள எது வேணா ஓடட்டும் மேடம், எம் புள்ள உசுரோட இருந்தா போதும். ஆனா மீசைக்கு மட்டும் டாக்டருங்க கேரண்டி குடுக்கணும்."

ஆட்டால் வந்த ஆபத்து

தேதி குறித்தாகிவிட்டது. இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கையின் மஜ்ஜையை ஏற்றுவதற்கு முன்னால் கடுமையான மருந்து கொடுத்து அண்ணனின் கெட்டுப்போன மஜ்ஜையைத் துடைத்துவிடுவார்கள். துடைத்த பிறகு அவனுக்குள் ஒன்றுமே இருக்காது. அந்த நேரத்தில் தங்கை காய்ச்சலில் படுத்தால் கதை கந்தல். ஆகவே யாழினியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். பத்திரம் என்ற சொல்லைப் பச்சையம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

யாழினி ஓடக் கூடாது, சைக்கிள் தொடக் கூடாது, நாயைக் கொஞ்சக் கூடாது. குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே அத்தை காவல். சினேகிதிகள் கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போனார்கள். அப்பா எடையைக் குறைக்கப் பார்த்தால் அத்தை ஏற்றப் பார்த்தார். எலும்பிலிருந்து எடுப்பதால் எலும்பைக் கொடுத்தால்தான் ஊறும் என்று காலையும் மாலையும் ஆட்டுக்கால் சூப்பு, நடுவில் நல்லி எலும்பு, ஓய்ந்த நேரத்தில் மல்லாட்டை உருண்டை. குமரவேல் தன் கடையில் பரோட்டாவுக்கு வைத்த சால்னாவைக்கூட யாழினிக்கென்று எலும்பை எடுத்துக்கொண்டுதான் ஊற்றினாராம். அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் விடிந்தபோது யாழினிக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் மூன்றும் ஒன்றாக வந்தன.

தள்ளிவைத்தார்கள். அண்ணனுக்கு இன்னும் மருந்து ஆரம்பிக்கவில்லை என்பது ஒன்றுதான் நல்ல காலம். ஆனால் தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் அவன் ஈறில் ரத்தம் நிற்கவில்லை, அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு படுத்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில் பச்சையம்மாவை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சூப்பு வைத்த குண்டானைத் தேய்த்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். யாழினியைப் பரிசோதித்த எங்கள் குழந்தை டாக்டர் போனில் சொன்னதைப் பச்சையம்மாவிடம் நான் சொல்லவில்லை.

"ஊசி இன்னும் பக்கத்துலயே போகல மேடம். இந்தப் பொண்ணுக்கு இதுவரைக்கும் வந்த ஒரே ஆபத்து ஆட்டாலதான்."

கதவைச் சாத்தியபின்

யாழினிக்கு உடம்பு தேறியதும் குழந்தை டாக்டர் அவளைத் தனியாகப் பார்த்தார். இது எங்கள் முறை. அப்பா, அம்மா, மாமா, அத்தை எல்லோரும் வெளியே. எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று வெளியே ஒரே முணுமுணுப்பு. டாக்டர் அவளிடம், உனக்கு என்ன செய்யப்போகிறார்கள் தெரியுமா என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தூங்கவைப்பார்கள், இங்கே குத்துவார்கள், எழுந்தால் வலிக்கும், அப்புறம் சரியாகிவிடும். என்னை விடத் தெளிவாகவே சொன்னாள். பயமாக இருக்கிறதா என்றதற்கு ஊசிக்குப் பயமில்லை என்றாள். வேறு எதற்கு என்று கேட்டதும் ரொம்ப நேரம் தன் பாவாடை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

அண்ணன் உயிர் உன் கையில்தான் இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தை சூப்பு ஊற்றும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டது இதுதான்: நான் கொடுத்தும் அண்ணன் செத்துவிட்டால், என்னுடையது நன்றாக இல்லை என்று சொல்வார்களா?

இந்தத் தொழிலில் ஆபத்து என்றால் மயக்க மருந்து, வலி, ரத்தக் குறைவு என்று நான் பட்டியல் போடுவேன். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை இந்தப் பிள்ளை தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். அண்ணனுக்குக் குணமாவதும் ஆகாததும் மருந்தைப் பொறுத்தது, எங்களைப் பொறுத்தது, உன்னைப் பொறுத்தது இல்லை என்றார். நீ கொடுப்பது நல்ல மஜ்ஜை, அதை நாங்கள் பார்த்தாகிவிட்டது, என்ன நடந்தாலும் அது நல்ல மஜ்ஜைதான் என்றார். உனக்கு வேண்டாம் என்றால் சொல்லு, நான்தான் கூடாது என்றேன் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன், உன் பெயரே வராது என்றார். யாழினி யோசித்தாள். எங்களுக்கும் அவசரமில்லை. பிறகு பாவாடையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"குடுக்கறேன். ஆனா அவங்களெல்லாம் அப்பிடிச் சொல்லிக்கினு இருக்க வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

ஒரு பிரயோஜனமும் இல்லாத பெண்

அன்று சாயங்காலமே குடும்பத்தை ஒன்றாக உட்காரவைத்தேன். பிள்ளை கேட்ட கேள்வியை அவள் அனுமதியோடு சொன்னேன். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். பச்சையம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அண்ணன் உயிர் உன் கையில் என்று இனி ஒருவரும் அவள் காதுபடச் சொல்லக் கூடாது என்று சத்தமாகவே சொன்னேன். என் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்டதும் நல்லதுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன்.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு குணம், சொன்னதைச் செய்ய மாட்டார்கள், செய்தால் அளவோடு செய்ய மாட்டார்கள். குமரவேல் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, புள்ள கையில எதுவும் இல்லன்னு சொல்லிட்டுப் போங்க என்று பாடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தவர்களும் பழத்தைக் கொடுத்துவிட்டு, உன்னால ஒண்ணும் ஆகப்போறதில்ல கண்ணு என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். பச்சையம்மா இன்னும் ஒரு படி மேலே போய், தூங்கும்போது அவள் காதில் அதையே ஓதியிருக்கிறார். சில நாள் கழித்து செல்வியின் போனிலிருந்து யாழினியே என்னைக் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை, சுத்தமான கடுப்பு.

"இன்னா சொன்னீங்க மேடம் நீங்க? பால்காரரு கூட என்னால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்லிட்டுப் போறாரு. ஒரே பேஜாரா கீது."

மடி

அண்ணனைச் சேர்த்து மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். இனித் திரும்ப வழியில்லை. தங்கையின் நாள் வந்தது. அண்ணன் மேல் மாடியில் யாரும் உள்ளே போக முடியாத கண்ணாடி அறையில், தங்கை கீழ் மாடியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில். செல்வி இரண்டு மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் நின்றாள். உட்காருங்கள் என்றால் மாட்டேன் என்றாள். இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வந்தேன், இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில் லிப்ட் திறந்தது. குமரவேல் இறங்கினார். கையில் தாம்பாளம். அதில் பட்டுப்பாவாடை, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு சோடி கம்மல். தாய்மாமன் சீர். செக்யூரிட்டி பின்னாலேயே ஓடி வந்தார். குத்துகிற இடத்தில் பிள்ளை மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அது எங்கள் முறை, எங்கே உட்காரும் பலகை என்றார் குமரவேல். நான் தலையில் கை வைத்துக்கொண்டு மயக்க மருந்து டாக்டரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு, குத்தும்போது முடியாது, ஆனால் தூங்குகிற வரைக்கும் வீட்டு ஆள் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், யார் என்று பிள்ளையே சொல்லட்டும் என்றார். ஏழுமலை அப்போதே சுவரோரமாக ஒதுங்கிவிட்டார். யாழினி மாமாவைக் கை காட்டினாள்.

பச்சை கவுன், தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி எல்லாம் மாட்டி, குமரவேல் காது குத்தும் பந்தலில் உட்கார்வது போலவே முதுகை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் யாழினி. முகத்தில் மாஸ்க்கை வைத்தார்கள். அவள் மாமாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கை தளர்ந்து விழுந்தது. நர்ஸ் பிள்ளையை வாங்கி மேஜையில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் மாமனைக் காணோம். தரையில் கிடந்தார், முகமூடி நெற்றிக்கு ஏறியிருந்தது. இரண்டு வார்டு பாய்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வர, தங்களில் யாருக்கு என்ன ஆனது என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் அலறியடித்து எழுந்தார்கள். துணை டாக்டரைப் பிள்ளையிடம் நிறுத்திவிட்டுக் கதவிலிருந்து தலையை நீட்டிய மயக்க மருந்து டாக்டர், பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள் என்று படிக்கட்டிலிருந்து ஓடி வந்த செல்வியிடம் முதலில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தருக்குக் குடுத்த மருந்துல ரெண்டு பேர் தூங்கினதை என் சர்வீஸ்ல இன்னிக்குத்தான் பாக்குறேன்."

ஓட்டையைக் காணோம்

யாழினி எழுந்ததும் தண்ணீர் கேட்டாள், அப்புறம் அண்ணனுக்குப் போய்விட்டதா என்று கேட்டாள். போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அன்று முழுக்க இடுப்பு வலித்தது, ஊஞ்சலிலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள். மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். மறுநாள் கீழே வரவேற்பறையில் இருக்கும் மீன்தொட்டியைப் பார்க்க அவளே நடந்து போனாள். ஏழுமலை பின்னாலேயே போய், அவள் எந்தக் காலைத் தாங்குகிறாள் என்று தரையோடு குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவள் நின்று திரும்பி, அப்பா நிமிர்ந்து நட என்று அதட்டினாள்.

வேன் மறுபடியும் வந்தது. காயத்தைப் பார்க்காமல் போக மாட்டோம் என்று நின்றார்கள். யாழினி சம்மதித்ததால் செல்வி சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு ஏமாற்றம் ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். திருவக்கரைக்கு, பல காலம் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன கல்மரம் பார்க்கப் போய், வெறும் கல்லாகத்தானே கிடக்கிறது என்று திரும்பி வருகிறவர்கள் முகத்தில் அதே வாட்டத்தைப் பார்த்திருக்கிறேன். பச்சையம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். முதுகுப்பக்கம், முட்டிப்பக்கம்கூடத் தேடினார். இனிமேல் தேடிப் பலனில்லை என்று தெரிந்ததும் கண்ணாடியை மடித்தார்.

"இம்மாத்தூண்டு ஓட்டைக்கா நாம ரெண்டு ஆட்ட அறுத்தோம்?"

திருப்பிக் கொடு

அதன் பிறகு காத்திருப்பு. புது மஜ்ஜை அண்ணனின் எலும்புக்குள் போய்க் குடியேறி ரத்தம் செய்ய ஆரம்பிக்க வேண்டும். அதுவரைக்கும் அவனுக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண், சாப்பாடு இறங்கவில்லை. யாழினி ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், இரும்புச்சத்து மருந்தை மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். நான் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் அண்ணனைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்த்தாள். புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது, ரத்த அணுக்கள் ஏறுகின்றன என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், பர்ஸ் அடித்துவிட்டார்களா என்று கேட்டார்.

யாழினிக்கு நானே போன் செய்து சொன்னேன். 'சரி மேடம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு அத்தையின் காவலை மீறி இருட்டுகிறவரைக்கும் தெருவில் சைக்கிள் ஓட்டினாள் என்று செல்வி பிறகு சொன்னாள்.

மாதங்கள் ஓடின. தமிழரசன் முகமூடியோடு வீட்டுக்கு வந்தான், பிறகு முகமூடி இல்லாமலும் நடமாடினான். மேலுதட்டில் லேசாகக் கறுப்பு தெரிகிறது என்று பச்சையம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியின் நம்பரிலிருந்து போன். எடுத்ததும் அவள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள், பின்னால் ஏதோ விழுந்து உருளும் ஓசை. அண்ணனுக்கு மறுபடியும் ஏதாவது வந்துவிட்டதா, இல்லை பிள்ளைக்கு இடுப்பில் ஏதாவதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் செல்வி, ஐயோ அதெல்லாம் இல்லங்க மேடம், டிவி ரிமோட்டுக்கு ரெண்டும் அடிச்சிக்கிதுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. மூச்சு வாங்க யாழினி பேசினாள்.

"என்னோடத வாங்கிக்கினு தெம்பு வந்து என்னையே அடிக்கிறான் மேடம். ஜல்தியா அத திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

குழந்தை மஜ்ஜை கொடுத்தால் ஆபத்து உண்டா என்று இப்போது யார் கேட்டாலும், கொடுக்கும்போது பார்த்துக்கொள்ள டாக்டர்கள் இருக்கிறார்கள், கொடுத்த பிறகு அண்ணனிடமிருந்து நீங்கள்தான் காப்பாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.